காலிக் கட்டத்தில் என்ன எழுதுவது? மருத்துவ மாணவர்களின் ஆய்வுப் பயிற்சியும் வழிகாட்டிகளும்

மருத்துவமனையின் பதிவறை. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி மடிக்கணினியில் எக்செல் தாளைத் திறந்து வைத்திருக்கிறாள். பக்கத்தில் பழைய கேஸ் ஷீட்டுகள் அடுக்காக இருக்கின்றன. 200 நோயாளிகளின் விவரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்ற வேண்டும். 37ஆவது நோயாளியிடம் வந்து நிற்கிறாள். 'புகைப்பழக்கம்' என்ற இடத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை. ஆம் என்றும் போடவில்லை, இல்லை என்றும் போடவில்லை. பழக்கம் இருந்திருந்தால் எழுதியிருப்பார்கள்தானே என்று ஒரு நிமிடம் யோசிக்கிறாள். 'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்தவருக்குப் போகிறாள்.

அவள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. களைப்பு, கூடவே ஒரு நியாயமான ஊகம், அவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு பழக்கம் முழு ஆய்வையும் சாய்த்துவிடும். எப்படியென்று பாருங்கள். புகைப்பழக்கத்தைப் பற்றி யாரிடம் கேட்காமல் விட்டிருப்பார்கள்? நினைவிழந்து வந்தவரிடம் கேட்டிருக்க முடியாது. மூச்சுத் திணறித் தூக்கி வரப்பட்டவரிடம் கேட்க நேரமிருந்திருக்காது. ஆகவே காலிக் கட்டங்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடப்பதில்லை, மிக மோசமான நிலையில் வந்தவர்களிடம்தான் அதிகமாகச் சேர்ந்திருக்கும். அவர்கள் எல்லோரையும் புகைக்காதவர்கள் பட்டியலில் போட்டால், கடைசியில் புகைக்காதவர்களே அதிகம் இறந்தார்கள் என்று கணக்கு வரும். புள்ளியியல் மென்பொருள் அதை அழகான அட்டவணையாகப் போட்டும் கொடுத்துவிடும்.

மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வுப் பயிற்சி வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பயிலரங்குகள் நடக்கின்றன, சான்றிதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் அந்த 37ஆவது நோயாளியிடம் வந்து நின்றபோது அவள் யாரிடமாவது கேட்டிருக்க முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கேட்கத் தயக்கமில்லாத தூரத்தில் ஒருவர் இருந்தால், 'காலியாக இருந்தால் "பதிவில் இல்லை" என்று தனியாக ஒரு குறியீடு போடு, கடைசியில் அவை எத்தனை என்று எண்ணிச் சொல்லலாம்' என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் இத்தனை ஏற்பாடும் வேண்டும்.

இங்கே ஒரு நேர்மையான கேள்வி எழும். நாளை வார்டில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறவருக்கு ஆய்வு எதற்கு? பாடமே தலைக்கு மேல் கிடக்கிறது. எல்லோரும் விஞ்ஞானி ஆகப் போகிறார்களா என்ன?

ஆகப் போவதில்லைதான். ஆனால் எல்லா மருத்துவரும் பரிசோதனை முடிவுகளைப் படித்துச் சொல்லத்தான் போகிறார்கள். ஒரு எளிய கணக்கைப் பாருங்கள். ஆயிரம் பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை. நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தினருக்குப் பாசிட்டிவ் என்று சரியாகச் சொல்லும், நோய் இல்லாதவர்களில் 90 சதவீதத்தினருக்கு நெகட்டிவ் என்று சரியாகச் சொல்லும். நல்ல பரிசோதனைதான். நோயுள்ள 10 பேரில் 9 பேருக்குப் பாசிட்டிவ் வரும். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் தவறாகப் பாசிட்டிவ் வரும். மொத்தம் 108 பாசிட்டிவ், அவர்களில் உண்மையில் நோயுள்ளவர்கள் 9 பேர். பன்னிரண்டில் ஒருவர்! இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்த மாணவர் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார். தானே தரவு சேகரித்து, தவறான பாசிட்டிவ்களின் குவியலைத் தன் தாளிலேயே பார்த்தவர், பிறகு கையில் ரிப்போர்ட்டுடன் பயந்துபோய் வருபவரிடம் வேறு விதமாகப் பேசுவார்.

இன்னொரு சிறிய கணக்கும் உண்டு. ஒரு மருந்தை 100 பேருக்குக் கொடுத்தோம், ஒருவருக்கும் பக்கவிளைவு வரவில்லை என்கிறது ஒரு கட்டுரை. அப்படியானால் அபாயம் பூஜ்யமா? இல்லை. மூன்றை எண்ணிக்கையால் வகுத்தால் தோராயமாக மேல் எல்லை கிடைக்கும். 100 பேரில் யாருக்கும் வரவில்லை என்றால், உண்மையான விகிதம் 3 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்றுதான் அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள ஆராய்ச்சியாளராக வேண்டியதில்லை, ஒரு முறையாவது சொந்தமாக எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

மாணவர்கள் செய்யும் ஆய்வு என்றால் சும்மா பயிற்சிக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. மருத்துவ வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பால் லாங்கர்ஹான்ஸ் பெர்லினில் மாணவராக இருந்தபோது, 1869இல், தன் பட்ட ஆய்வுக்காகக் கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். வழக்கமான செல்களுக்கு நடுவே சிறு சிறு கூட்டங்களாக வேறு வகைச் செல்கள் இருந்தன. வயது இருபத்தொன்றைத் தாண்டியிருக்காது. அந்தச் செல்கள் என்ன வேலை செய்கின்றன என்பதை விளக்கத் தன்னால் முடியவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். பார்த்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். 1893இல் பிரெஞ்சு விஞ்ஞானி லகெஸ் அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயர் வைத்தார். அந்தத் திட்டுகளில் சுரப்பதுதான் இன்சுலின். அந்த மாணவர் ஒரு அழகான ஊகத்தை எழுதிக் காலி இடத்தை நிரப்பியிருந்தால், பின்னால் வந்தவர்கள் அதை உடைக்கவே சில ஆண்டுகள் செலவழித்திருப்பார்கள்.

1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மாணவருக்கு உடலியல் பேராசிரியர் வில்லியம் ஹோவெல் ஒரு வேலை கொடுத்தார். ரத்தத்தை உறைய வைக்கும் செஃபாலின் என்ற பொருளைப் பற்றிய ஆய்வு அது. வேறு உறுப்புகளிலிருந்தும் அதே போன்ற பொருட்களை எடுத்துப் பார்த்த மெக்லீன், ஈரலிலிருந்து எடுத்த ஒன்று நேர்மாறாக ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதைக் கண்டார். எதிர்பார்த்த விடைக்கு எதிரான விடை. பரிசோதனைக் குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்று ஒதுக்கிவிடுவது எவ்வளவு சுலபம்! அவர் ஒதுக்கவில்லை, ஹோவெல்லிடம் போய்ச் சொன்னார். ஹோவெல் முதலில் நம்பவில்லை. இருந்தாலும் மெக்லீன் செய்து காட்டியதைப் பார்த்தார். அந்த வழியில் வளர்ந்த ஆய்விலிருந்துதான் 1918இல் ஹெப்பாரின் என்ற பெயர் பிறந்தது. ரத்தம் உறையாமல் தடுக்க இன்றும் கொடுக்கப்படும் மருந்து அது. மெக்லீன் கண்டதும் பிறகு ஹோவெல் பிரித்தெடுத்ததும் ஒரே பொருள்தானா, முதல் பெருமை யாருக்கு என்ற விவாதம் பின்னால் நெடுங்காலம் நடந்தது, அது தனிக் கதை. மாணவர் கொண்டுவந்த எதிர்பாராத முடிவை ஆசிரியர் சந்தேகத்தோடு, ஆனால் கண்ணால் பார்த்தார் என்பதைத்தான் நான் இங்கே அடிக்கோடிடுவேன்.

மூன்றாவதாக, வயதில் கொஞ்சம் மூத்த ஒருவர். 1981இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல் பயிற்சி மருத்துவராக இருந்தார். பயிற்சியின் பகுதியாகச் செய்ய ஒரு ஆய்வு தேடிக்கொண்டிருந்தார். அதே மருத்துவமனையில் நோயியல் நிபுணர் ராபின் வாரன் 1979 முதல் இரைப்பைத் திசுக்களில் வளைந்த பாக்டீரியாக்களைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். அமிலத்தில் எந்தக் கிருமி வாழும் என்று மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூத்தவரிடம் கேள்வி இருந்தது, இளையவரிடம் நேரமும் நோயாளிகளும் இருந்தார்கள். 100 நோயாளிகளிடம் ஆய்வைத் தொடங்கினார்கள். கிருமியை வளர்க்கும் தட்டுகளில் முதலில் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு நாளில் ஒன்றும் இல்லையென்றால் தட்டை எறிந்துவிடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டு கூடுதல் நாட்கள் அப்படியே கிடந்தது. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அதுதான் இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இந்தக் கதைகளைச் சொல்வது எல்லா மாணவரும் இன்சுலினும் ஹெப்பாரினும் கண்டுபிடிப்பார்கள் என்ற ஆசையில் இல்லை. மூன்றிலும் வேலை சின்னதாக, எல்லை கட்டியதாக இருந்தது. ஒரு உறுப்பு, ஒரு பொருள், ஒரு நூறு நோயாளிகள். இன்றைய மாணவர்களின் ஆய்வு பெரும்பாலும் இடறி விழுவது இங்கேதான். கேள்வி மிகப் பெரிதாக இருக்கும்.

ஒரு வழிகாட்டியின் அறையில் நடக்கும் முதல் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"மேடம், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பற்றி ஆய்வு பண்ணணும்னு ஆசை."

"நல்லதும்மா. புண்ணில் எதைப் பற்றி?"

"ஏன் ஆறமாட்டேங்குதுன்னு."

"யாருக்கு ஆறல? எத்தனை நாளுக்குள் ஆறினா ஆறிடுச்சுன்னு சொல்லுவே? யார் பார்த்துச் சொல்லுவாங்க, நீயா, நர்ஸா?"

மாணவி முழிக்கிறாள். அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்புகிறார். இப்படி மூன்று நான்கு முறை போய்வந்த பிறகு தாளில் இருப்பது இதுதான்: முதல் முறையாகக் கால் புண்ணோடு வருகிறவர்களில் 12 வாரங்களுக்குள் புண் முழுவதுமாக மூடியவர்கள் எத்தனை பேர்? வந்த அன்று பாதத்தில் நாடித்துடிப்பு கைக்குத் தட்டுப்படாதவர்களிடம் அந்த எண்ணிக்கை குறைவா?

பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இதற்கு விடை காண முடியும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, எதை அளப்பது, எப்போது அளப்பது, எதனோடு ஒப்பிடுவது, எல்லாம் அந்த இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட்டது. 'ஏன் ஆறவில்லை' என்ற பெரிய ஆசையை இந்த அளவுக்கு இறக்கிக்கொண்டுவரும்போது மாணவிக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். அந்த வருத்தத்தோடு அவளை விட்டுவிடாமல், இந்தச் சின்ன விடை பெரிய கேள்வியில் எங்கே போய் உட்காரும் என்று காட்டுவதும் வழிகாட்டியின் வேலை.

புள்ளியியலாளரைப் பார்க்க வேண்டியதும் இந்தக் கட்டத்தில்தான். ஆனால் தரவெல்லாம் சேர்த்து முடித்த பிறகு, மாநாட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பென்டிரைவோடு போய் நிற்பதுதான் நடக்கிறது. ஆய்வு முடிந்தபின் புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, ஆய்வு எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்று புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1938இலேயே சொல்லிவிட்டார். எத்தனை பேர் தேவை என்று முன்பே கணக்கிடாத ஆய்வில், வித்தியாசம் தெரியவில்லை என்றால் உண்மையிலேயே வித்தியாசம் இல்லையா, ஆள் போதவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், கையில் இருக்கும் தரவை இருபது விதமாக வெட்டி வெட்டிப் பார்ப்பது. எதிலுமே உண்மை இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளில் குறைந்தது ஒன்றிலாவது பி மதிப்பு 0.05க்குக் கீழே (முடிவைப் பொருட்படுத்தத்தக்கது என்று ஏற்கும் வழக்கமான எல்லை அது) வந்துவிடுவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் எடுத்து எழுதினால் அது கட்டுரையாகிவிடும், ஆனால் உண்மையாகாது.

நேரம் ஒரு பெரிய சிக்கல். மாணவருக்கு விடுமுறையில் இரண்டு மாதம் கிடைக்கும், இல்லையென்றால் வகுப்பு முடிந்த மாலைகள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கவே வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஆகும். புதிதாக ஒரு ஆய்வை யோசித்து, ஒப்புதல் வாங்கி, ஆட்களைச் சேர்த்து, பகுப்பாய்வு செய்து எழுத இரண்டு மாதம் எந்தக் காலத்திலும் போதாது. அப்படிப்பட்ட திட்டத்தை மாணவர் கையில் கொடுப்பது அவரைத் தோற்க அனுப்புவதுதான். நடைமுறையில் வேலைக்காகும் வழி வேறு. வழிகாட்டியிடம் ஏற்கெனவே ஒப்புதல் பெற்று நடந்துகொண்டிருக்கும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கும், அதற்குள் ஒரு சிறிய கேள்வியை மாணவருக்கென்று பிரித்துக் கொடுப்பார். அந்தக் கேள்வி முழுக்க முழுக்க மாணவருடையதாக இருக்க வேண்டும். வெறும் தரவு ஏற்றும் ஆளாக வைத்துக்கொண்டு அதைப் பயிற்சி என்று சொல்லக் கூடாது.

ஒரே ஆள் எல்லாவற்றுக்கும் வழிகாட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. நோயைப் பற்றித் தெரிந்த பேராசிரியர் ஒருவர், ஆய்வு முறை தெரிந்தவர் ஒருவர், அப்புறம் இரண்டு ஆண்டு முன்னால் இதே பாதையில் போன சீனியர் ஒருவர். இந்த மூன்றாவது ஆளைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பேராசிரியரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியை மாணவர் சீனியரிடம்தான் கேட்பார். காலிக் கட்டத்தைப் பற்றிய கேள்வி அந்த வகையைச் சேர்ந்தது.

வழிகாட்டிகள் எத்தனை பேருக்குக் கிடைக்கிறார்கள்? 2006இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஒரு முறைசார் மறுஆய்வு, அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மருத்துவ மாணவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே வழிகாட்டி என்று சொல்ல ஒருவர் இருந்தார். கிடைக்காத பாதி யார் என்று யோசித்தால் மனது கஷ்டப்படுகிறது. வீட்டில் மருத்துவர் இருக்கும் பிள்ளைக்கு யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை, பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டலாம் என்பதையே அறியாமல் நாலைந்து ஆண்டுகளைக் கடந்துவிடும். 'ஆர்வமுள்ளவர்கள் வந்து பார்க்கலாம்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது இவர்களுக்குப் போதாது. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

வழிகாட்டிகளின் பக்கமும் பார்க்க வேண்டும். வார்டு, வெளிநோயாளிப் பிரிவு, வகுப்பு, நிர்வாகம் எல்லாம் போக மிச்ச நேரத்தில்தான் அவர் மாணவரோடு உட்காருகிறார். அந்த நேரத்துக்குப் பதவி உயர்விலும் மதிப்பில்லை, பணிப்பட்டியலிலும் இடமில்லை. நோயாளியையும் பார்த்து ஆய்வும் செய்கிறவர்கள் அழிந்துவரும் இனம் என்று அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் விங்கார்டன் 1979இலேயே எச்சரித்தார். அந்த இனம் குறையக் குறைய, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆட்களும் குறைவார்கள்.

இதற்கு நடுவே கட்டுரைகளின் எண்ணிக்கைப் போட்டி வந்து சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டத்துக்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும்தான். மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் மேற்பயிற்சி இடங்களுக்கு ஆட்களைப் பிரித்துப் பார்க்க ஏதாவது ஒரு எண் தேவைப்படுகிறது. அந்தப் பாரத்தின் ஒரு பகுதி கட்டுரைகளின் எண்ணிக்கை மேல் போய் ஏறியது. எண்ணிக்கைதான் கணக்கு என்றால் மாணவர் என்ன செய்வார்? விடை முன்கூட்டியே தெரிந்த, சீக்கிரம் முடிகிற வேலைகளைத் தேடுவார். பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் ஜர்னல்கள் அவருக்காகவே காத்திருக்கின்றன. புள்ளியியலாளர் டக்ளஸ் ஆல்ட்மன் 1994இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மருத்துவ ஆய்வின் தரத்தைப் பற்றிக் கடுமையாக எழுதினார். ஆய்வுகள் குறைய வேண்டும், தரம் கூட வேண்டும், சரியான காரணத்துக்காகச் செய்யப்பட வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். பதவிக்காக ஆய்வு செய்யச் சொல்லி, அதற்கான பயிற்சியைக் கொடுக்காமல் விடும் முறையின் மேல்தான் அவர் கோபப்பட்டார், இளம் மருத்துவர்கள் மேல் அல்ல. முப்பது ஆண்டுகள் தாண்டியும் அந்தக் கோபம் பொருந்துகிறது.

கட்டுரை என்று வந்தால் யார் பெயர் எங்கே என்ற பேச்சும் வரும். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. ஆய்வை வடிவமைப்பதிலோ, தரவைச் சேர்ப்பதிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தை ஆழமாகத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். நாளை கேள்வி வந்தால் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது இந்த விதிப்படி தவறு. ஆறு மாதம் தரவு சேர்த்த மாணவரை எழுதக் கூப்பிடாமலே விட்டு, பிறகு 'நீ எழுதவில்லையே' என்று பெயரை எடுப்பதும் தவறுதான். இரண்டாவது நிபந்தனையில் பங்கெடுக்கும் வாய்ப்பை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். 1921 கோடையில் டொரொன்டோவில் இன்சுலின் வேலையைத் தொடங்கிய பான்டிங்கோடு இருந்தவர் சார்லஸ் பெஸ்ட் என்ற இருபத்திரண்டு வயது மாணவ உதவியாளர். 1923இல் நோபல் பரிசு பான்டிங்குக்கும் ஆய்வகத் தலைவர் மக்ளியோடுக்கும் போனது, பெஸ்ட் பெயர் இல்லை. பான்டிங் தன் பரிசுத் தொகையில் பாதியை பெஸ்டுக்குக் கொடுத்தார். எல்லா மாணவருக்கும் பான்டிங் வாய்ப்பதில்லை. அதனால்தான் இந்தப் பேச்சை ஆய்வின் முதல் வாரத்திலேயே பேசி, ஒரு மின்னஞ்சலிலாவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நோயாளியின் சம்மதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கட்டிலருகே வந்து தாளை நீட்டினால், நோயாளிக்கு அவர் மருத்துவர்தான். கையெழுத்துப் போடாவிட்டால் சிகிச்சை குறையுமோ என்ற பயம் வரும். 1964இல் உருவாகிப் பலமுறை திருத்தப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம், மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறைகள் அவை, இப்படிச் சார்ந்திருக்கும் நிலையில் உள்ளவரிடம், அந்த உறவுக்கு வெளியே உள்ள தகுதியான ஒருவர் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது. மாணவர் கேட்கும் இடங்களில் முதல் வாக்கியமே 'நான் உங்களுக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டர் இல்லை, மாணவர்' என்று இருக்க வேண்டும். இரண்டாவது வாக்கியம், 'வேண்டாம் என்று சொன்னாலும் உங்கள் சிகிச்சையில் எதுவும் மாறாது.' இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கவும் பழக வேண்டும். அந்த மௌனத்தில்தான் நோயாளி யோசிப்பார். முதல் இரண்டு முறை வழிகாட்டி கூடவே நின்று பார்த்தால் நல்லது. இதே பிரகடனத்தின் நியாயம் மாணவருக்கும் பொருந்தும். பேராசிரியர் தன் வகுப்பு மாணவர்களையே ஆய்வுக்கு ஆட்களாகச் சேர்க்கும்போது, அவர்களால் மட்டும் சுலபமாக 'முடியாது' என்று சொல்லிவிட முடியுமா?

ஆய்வு செய்ய விரும்பும் மாணவர் ஒரு வழிகாட்டியை முதல் முறை பார்க்கப் போகும்போது, கேட்கத் தயங்கக் கூடாத கேள்விகள் சில உண்டு. வாரத்தில் எந்த நாள், எவ்வளவு நேரம் உங்களைப் பார்க்கலாம்? ஒப்புதல் ஏற்கெனவே வாங்கியாயிற்றா? என் பங்கு எது, என் பெயர் எங்கே வரும்? எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் என்ன செய்வோம்? கடைசியாக இன்னொன்று: போன ஆண்டு உங்களிடம் ஆய்வு செய்த மாணவர் ஒருவரிடம் நான் பேசலாமா? இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஒருவர் முகம் சுருங்கலாம். இன்னொருவர் தன் போனை எடுத்து, 'இரு, அவளையே கூப்பிட்டுத் தருகிறேன்' என்று எண்ணைத் தேட ஆரம்பிப்பார். இரண்டாமவரின் அறைக்குத்தான் மறுநாளும் போக வேண்டும்.